பயிற்சி ஆசிரியருக்குத் துணை யார்?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் பெருஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்னர், குடிபாலா என்னும் ஊர் இருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு மண்டலத்தின் தலைமையூர் அது. மாந்தோப்புகளும் கரும்புக் கொல்லைகளும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் ஒரு தெருவில் தெலுங்கு கேட்கும். அடுத்த தெருவில் தமிழ் கேட்கும். சில வீடுகளில் இரண்டும் ஒரே திண்ணையில் கேட்கும். 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் ஜில்லா அதனுடன் சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டில் எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது, குடிபாலா வரவில்லை. ஆயினும், அங்குள்ள குழந்தைகள் தாய்மொழியில் எழுத்தறியத் தமிழ் வகுப்புகள் பலகாலம் நடந்துவந்திருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் புகுத்தப்பட்ட 350-அ என்னும் பிரிவு, சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. சட்டம் வகுப்பை அளிக்கலாம். அவ்வகுப்பில் நின்று பாடம் சொல்லும் ஆசிரியரை எங்ஙனம் உருவாக்குவது என்பது வேறு காரியம். அதைப் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்த ஊர் அது. இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகத் தில்லியில் காலந்தள்ளுகிறேன். ஆசிரியத் தொழிலுக்கும் எனக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால், என் தமக்கை ஆசிரியை. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, பயிற்சியின் ஒரு பகுதியாக நாற்பது நாள் ஒரு கிராமப் பள்ளியில் பாடம் நடத்துமாறு அனுப்பினார்கள். இதனை இக்காலத்து ஆங்கிலக் கோப்புகளில் ‘பிளேஸ்மெண்ட்’ என்று எழுதுகிறார்கள். ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதைப் போன்ற சொல் அது. மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு அச்சொல் உறுத்தும். ஏனெனில் அக்காவை அவர்கள் உண்மையில் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர் பயிற்சி பெற்ற மொழி தெலுங்கு. பாடக்குறிப்புகளையும் தெலுங்கில் எழுதவேண்டும். அனுப்பப்பட்ட வகுப்போ தமிழ் வகுப்பு. ஒரே அறையில் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் முதுகோடு முதுகாக அமர்ந்திருந்தன. வகுப்பாசிரியர் நல்லவரே, ஆயினும், இளம்பெண் ஒருத்தி வந்துவிட்டாள் என்றதும், நிலுவையிலிருந்த பதிவேடுகளை முடிக்கலாமென்று அலுவல் அறைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். பின் வரிசையில் அமர்ந்தார், பேனாவைத் திறந்தார், அரைமணி நேரம் எழுதினார், பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் நான்கு வரி குறித்துவிட்டுச் சென்றார். குரல் போதாது. கரும்பலகை வேலை ஒழுங்கில்லை. நேரப் பங்கீடு தவறு. மேலும் உழைக்கவேண்டும். இவ்வளவுதான். குற்றங்கள் நான்கும் உண்மையே என்று அக்கா இன்றும் ஒப்புக்கொள்வார். ஆனால் மறுநாள் காலை அந்தக் குரலை எப்படி எழுப்புவது என்பதற்கு அவ்வேட்டில் விடை இல்லை. அன்றிரவு, “அப்பா, எனக்கு இந்த வேலை வராது, நான் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. அப்பா சொல்லக் கேட்டு மறுநாள் அவர் தாமே பள்ளிக்குச் சென்றார். அங்கிருந்தோரிடம் அனுமதி கேட்டு வகுப்பறையில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். கையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. மாலையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஏனம்மா, இன்றைக்கு வாய் திறக்காத பிள்ளைகள் யார் யார்?” அக்காவால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. தம் குரலையும் கைந்நடுக்கத்தையும் கவனிப்பதிலேயே பொழுது போயிருந்தது. “நாளைக்கு முதல் பத்து நிமிடம் மட்டும் நீ நடத்து, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் நடத்தும்போது நீ பிள்ளைகளின் முகத்தைப் பார்” என்றார் ஐயா. பத்து நிமிடம் இருபதாயிற்று. ஒரு வாரத்தில் முழுப் பாடமாயிற்று. நாற்பது நாளும் முடிந்தது.

ஐயா செய்த உதவி புதியதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அது பல தடவை தோன்றிப் பல தடவை மறைந்த வரலாறு என்பதே சுவை.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியப் பயிற்சி என்று தனியே ஒன்று இருந்ததில்லை. சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணாக்கனாகிய அவன் இளைய பிள்ளைகளை மணலில் எழுதச் செய்வான். முறை சொல்ல வைப்பான். பாடம் ஒப்பிக்கக் கேட்பான். உபாத்தியாயர் அதே திண்ணையில், கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருப்பார். சட்டாம்பிள்ளை தவறினால் அப்போதே திருத்துவார். திருத்தும் வழி பெரும்பாலும் பிரம்புதான் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் கற்பிக்கப் பழகுகிறவன் தனியே விடப்படவில்லை.

இம்முறையைக் கண்டு வியந்த ஐரோப்பியர் ஒருவர் உலகெங்கும் அதைப் பரப்பக் காரணமானார். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரைமீது சென்றபோது, நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறு செய்யுமாறு உதவியாசிரியர்களுக்குச் சொன்னார். சம்பளம் வாங்கும் அவர்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். பின்னர் மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகச் சிறுவர் கைக்கு வந்தன. பெல் 1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயர் அதன்பின் இங்கிலாந்தெங்கும் வழங்கலாயிற்று. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போனான் எனலாம்.

போன இடத்தில் அவனுக்கு நேர்ந்த கதியைக் கவனிக்கவேண்டும். பிரிஸ்கனுக்குப் பின்னால் நாள்தோறும் பெல் இருந்தார். லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் அவரைப் பின்பற்றியோரும் நடத்திய பெரிய கூடங்களில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். இடையில் சட்டாம்பிள்ளைகள் பலர். அங்கே சிக்கனம் நின்றது; பக்கத்தில் நிற்கும் பெரியவர் மறைந்தார். இதன் குறையை அந்நாட்டினரே உணர்ந்தனர். 1846-இல் கே-ஷட்டில்வொர்த் என்னும் அதிகாரி, பதின்மூன்று வயது நிரம்பிய மாணாக்கரை ஐந்தாண்டுகளுக்குத் தொழில் பழகுவோராக ஏற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு விதி பாராட்டத்தக்கது. பழகும் பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 10 பவுனில் தொடங்கி 20 பவுன் வரை உதவித்தொகை. அவனுக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தனியே கற்பிக்கும் தலைமையாசிரியருக்கும் தனி ஊதியம். ஒரு பிள்ளைக்கு 5 பவுன், இருவருக்கு 9 பவுன். புதியவரைத் தாங்குவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்பதை ஓர் அரசாங்கம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட செய்தி இது. இதை நான் படித்தபோது எங்கள் ஐயாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு கூடை மாம்பழம்.

நிற்க. நம் நாட்டில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். சென்னை இராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் பெயர், திருமலைக்குப் போனவர்களுக்கு ‘மன்றோ கங்காளம்’ என்னும் பாத்திரத்தின் வாயிலாகத் தெரிந்திருக்கும். அவர் 1822-இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஒரு கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில், இராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காண்கிறது. ஓர் உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்றும், அத்தொகைக்குத் திறமையுள்ளவர் அத்தொழிலுக்கு வரமாட்டார் என்றும் மன்றோ வெளிப்படையாக எழுதினார். ஒவ்வொரு ஜில்லாவிலும் இரண்டு பள்ளிகள், தாசில்கள்தோறும் ஒன்றாக முந்நூறு பள்ளிகள் என்று அவர் திட்டம் வகுத்தார். இவற்றுக்கு ஆசிரியரைத் தயாரிக்கச் சென்னையில் ஒரு தலைமைப் பள்ளி அமையவேண்டும் என்றார். ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். அடுத்த ஆண்டு ஜூலையில் மன்றோ வாந்திபேதியால் பத்திகொண்டாவில் உயிர் துறந்தார். திட்டம் நோஞ்சானாயிற்று. 1836-இல் தாசில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது ரூபாயோடு ஒரு தாசிலில் தனியே விடப்பட்ட உபாத்தியாயருக்கு, அடுத்த பாடத்தை எங்ஙனம் நடத்துவது என்று கேட்க ஓர் ஆள் அருகில் இல்லை. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1854-ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, இங்கிலாந்தின் மாதிரியில் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும், பழகுவோருக்கு உதவித்தொகை வேண்டும் என்றது. இரண்டே ஆண்டில், 1856-இல், சென்னையில் அரசாங்க நார்மல் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னாளில் புகழ்பெற்ற சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பயிற்சி நிலையத்துடன் ஒரு பள்ளியையும் ஒட்டி அமைப்பது, அங்கேயே பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்துவது, மற்றப் பயிற்சியாளரும் விரிவுரையாளரும் சுற்றி அமர்ந்து கேட்டுப் பின் குறைநிறை கூறுவது என்பது இத்தகைய நிலையங்களின் வழக்கமாயிற்று. ‘விமரிசனப் பாடம்’ என்று அதற்குப் பெயர். ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட்டின் வழியினர் வகுத்த ஐந்து படிகளை ஒட்டிப் பாடக்குறிப்பு எழுதும் பழக்கமும் வந்தது. பல தலைமுறை ஆசிரியர்கள் அந்த ஐந்து படிகளில் ஏறி இறங்கியே தொழிலுக்கு வந்தார்கள். கர்சன் பிரபுவின் காலத்தில், 1904-இல் வெளியான கல்வித் தீர்மானமும், பயிற்சிக் கல்லூரி ஒவ்வொன்றுடனும் பயிற்சிக்கான பள்ளி இணைந்திருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியது.

சைதாப்பேட்டையில் பயின்றோரில் நம் வட்டாரத்தார் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தார். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பின்பு வேலூர் ஊரிஸ் கல்லூரி. அப்பால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. குடிபாலாவின் வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் இரண்டு ஊர்களும் அவரை வளர்த்தன என்று எங்கள் பக்கத்தார் பெருமை பேசுவார்கள். 1909-இல் அவர் சென்னை மாகாணக் கல்லூரியில் பணியேற்றார். பணியில் இருந்தவரை 1910-இல் ஆசிரியப் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பினார்கள். தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர் உளநூல் வகுப்பில் மற்றவரோடு பெஞ்சியில் அமரவேண்டிய நிலை. அவருடைய அறிவை உணர்ந்த பேராசிரியர், வகுப்புக்கு வரவேண்டாம் என்று விலக்களித்து, அதற்கு மாறாக உடன் பயிலும் ஆசிரியர்களுக்கு அவரே உளநூல் பற்றிச் சொற்பொழிவாற்றுமாறு செய்தார். அச்சொற்பொழிவுகளே 1912-இல் உளநூலின் அடிப்படைகளைப் பற்றிய சிறு நூலாக வெளிவந்தன. இராதாகிருஷ்ணனை இடர்ப்பட்ட பயிற்சியாளர் என்று கூறமுடியாது. ஆயினும், பயிற்சிக்கு வந்தவர் என்ன கொண்டு வந்திருக்கிறார் என்று முதலில் பார்த்த ஒரு பேராசிரியர் அங்கே இருந்தார். குற்றப்பட்டியலோடு தொடங்கும் மேற்பார்வைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் நாம், அந்தப் பேராசிரியரையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டில் முப்பது ஆண்டு முன்னரே நடந்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் காலம் வந்தது. தம் இடத்துக்குத் தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட சாமிநாதையர் வரவேண்டும் என்று அவர் முயன்று வெற்றி பெற்றார். 1880-ஆம் ஆண்டு சாமிநாதையர் பணியேற்றார். மடத்தில் தம்பிரான்களுக்குப் பாடம் சொன்ன பழக்கம் அவருக்கு உண்டு. கால்சட்டையும் கோட்டும் தரித்த கல்லூரி மாணாக்கரை அவர் முன்பு எதிர்கொண்டதில்லை. செட்டியார் வேலையை வாங்கிக் கொடுத்ததோடு விலகிவிடவில்லை. முதல் நாள் தாமே அவரை வகுப்புக்கு அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்தினார். அவர் பாடம் சொல்லும்போது உடனிருந்தார். முதியவர் உடனிருக்கிறார் என்பது இளையவருக்குத் தைரியம். மாணாக்கருக்கும் ஓர் அறிவிப்பு. உ.வே.சா. தம் சுயசரிதத்தில் செட்டியாரைப் பற்றி நன்றியோடு எழுதியிருப்பதை அன்பர்கள் படித்திருப்பார்கள்.

பெண்களின் நிலை வேறு. பயிற்சிக்காகத் தெரியாத ஊரில் தங்குவதே அவர்களுக்கு ஒரு பெரிய சோதனையாக இருந்தது. குறிப்பாக இளம் விதவைகளுக்கு. 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, தாமும் குழந்தைப் பருவத்தில் கணவனை இழந்தவராகையால், இதை நன்கறிந்தவர். இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்குவதை அவர் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1912-இல் தொடங்கிய விடுதி பிற்பாடு திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைவியாகவும் அவரே அமர்ந்தார். கல்லூரி, மாதிரிப் பள்ளி, விடுதி ஆகியவை அருகருகே. பகலில் வகுப்பில் திணறிய பெண், மாலையில் தன் துன்பத்தை யாரிடம் சொல்வது என்று தேடவேண்டியதில்லை. பயிற்சி பெறும் பெண்ணுக்கு உறைவிடமும் ஒரு கல்விச் சாதனமே என்பதை ஆடவர் எழுதிய கல்வி அறிக்கைகளில் அதிகமாகக் காணமுடியாது.

சுதந்திரத்துக்குப் பின் பள்ளிகள் பெருகின. பெருகியே தீரவேண்டும், அதில் வருந்த ஒன்றுமில்லை. பயிற்சி நிலையங்களும் பெருகின. ஒட்டியிருந்த மாதிரிப் பள்ளி ஒன்றே எல்லாப் பயிற்சியாளருக்கும் போதவில்லை. ஆகவே அவர்களைச் சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான், மாதிரிப் பள்ளியில் அடுத்த அறையிலேயே இருந்த துணை, பேருந்தில் ஏறி என்றோ ஒருநாள் வரும் மேற்பார்வையாளராக மாறிற்று. பேராசிரியர் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கல்விக் குழு இதை நன்கு கண்டது. ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் பல்கலைக் கழகத்திலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், தம்முள் ஒன்றிலிருந்து ஒன்றும் விலகித் தனித்து நிற்கின்றன என்று அது எழுதிற்று. பயிற்சிக்கு உதவும் பள்ளிகளைத் தேர்ந்து, ‘ஒத்துழைக்கும் பள்ளிகள்’ என அரசு அங்கீகாரம் அளித்து, துணைக்கருவிகளுக்கும் மேற்பார்வைக்கும் தனி மானியம் தரவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1846-இன் ஐந்து பவுனுக்கு ஒப்பான ஏற்பாடு இது. அறிக்கையின் பல பரிந்துரைகள் மேடைதோறும் பேசப்பட்டன. இதைப் பற்றி நான் கேட்ட பேச்சு மிகக் குறைவு.

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக ஜில்லாதோறும் கல்வி, பயிற்சி நிலையங்கள் எழுந்தன. சித்தூர் ஜில்லாவில் அது கார்வேட்டிநகரத்தில் அமைந்தது. எல்லைக்கு இப்பால், பழைய வேலூர் ஜில்லாவுக்கு இராணிப்பேட்டையில். ஆசிரியக் கல்விக்கான தேசியக் குழு 2014-இல் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டாண்டாயிற்று; பள்ளியில் இருக்கவேண்டிய காலம் 20 வாரம் என்றும், அதில் 16 வாரம் பள்ளிப் பணியில் ஈடுபடவேண்டும் என்றும் ஏற்பட்டது. அக்காவின் நாற்பது நாளோடு ஒப்பிட்டால் இது பெருங்கொடை. நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் அதிக நேரம் விட்டுவைப்பது மட்டும் நீச்சல் கற்பித்தலாகுமா என்று ஐயா இருந்தால் கேட்டிருப்பார். இங்கிலாந்தில் 1992-இல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியப் பயிற்சியின் மூன்றில் இரு பங்கைப் பள்ளிகளிலேயே நடத்த விதித்தபோது, பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் பள்ளியிலேயே ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்னும் ஏற்பாடும் அதனுடன் வளர்ந்தது. காலத்தை நீட்டினால் ஆளையும் கூட்டவேண்டும் என்று அங்கே கண்டுகொண்டார்கள்.

ஆள் என்றால் எத்தகைய ஆள்? இதற்கு விடை தேட இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. சித்தூர் ஜில்லாவின் மேற்குக் கோடியில் 2022 வரை இருந்த மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர். அதன் அருகே அவர் தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளியில் டேவிட் ஹார்ஸ்பரோ என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராக இருந்தார். அவர் பின்பு கோலார் ஜில்லாவில், ராயல்பாடு பக்கத்தில், 1972-இல் நீல்பாக் என்னும் சிறு பள்ளியை அமைத்தார். கிராமத்துப் பிள்ளைகள் சிலர். அவர்களோடு பயிற்சி பெறும் ஆசிரியர்கள் சிலர். பயிற்சியாளர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். மேற்பார்வைக்கென்று தனி நாள் இல்லை. ஹார்ஸ்பரோ தாமே அதே கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருப்பார். தேர்வு, தண்டனை, போட்டி ஆகியவை பிள்ளைகளுக்கு இல்லை. பிள்ளைக்கு அச்சம் ஆகாது என்றால் ஆசிரியருக்கு மட்டும் எப்படி ஆகும்? 1984-இல் ஹார்ஸ்பரோ மறைந்தார். அவருடைய செல்வாக்கு ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் தழைத்தது. பத்மநாப ராவ், ரமா என்னும் தம்பதியர் 1980-களின் இறுதியில் அங்கே பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் அவரவர் வேகத்தில் பயிலும் முறையை உருவாக்கினார்கள். 2003-ஆம் ஆண்டுக்குப் பின் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு மூலம் அதுவே. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் முதுகோடு முதுகாக அமர்ந்திருந்த அறையில் அக்கா திணறியதற்குத் தக்க விடை ஒன்று, அதே ஜில்லாவில், பேருந்தில் அரைநாள் தொலைவில் அப்போதே இருந்தது. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தியில் தனி அக்கறை உண்டு. தில்லியில் தமிழர் 1923-இல் கல்விக் கழகம் கண்டார்கள். பம்பாயில் மாதுங்காவை ஒட்டி 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. கட்டடத்துக்கும் நிலத்துக்கும் நம் முன்னோர் நன்கொடை திரட்டிய கதைகள் ஆண்டு விழாக்களில் கூறப்படுகின்றன. ஆனால், வேற்று மொழியில் பயிற்சி பெற்றுத் தமிழ் வகுப்பில் நிற்கும் இளைஞனுக்கோ பெண்ணுக்கோ இரட்டைச் சுமை. பாடக்குறிப்பு ஒரு மொழியில், பாடம் ஒரு மொழியில். மேற்பார்வையிடுபவருக்குத் தமிழ் தெரியாவிடில், வகுப்பில் நன்றாக அமைந்த ஒரு சொல்லையும் அவர் அறியமாட்டார். பிழையாக வந்த சொல்லையும் அறியமாட்டார். அவர் கண்ணுக்குத் தெரிவது கரும்பலகையின் ஒழுங்கு மட்டுமே. அந்த வேளையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஊர்ச் சங்கத்தின் வழியாகப் பள்ளியின் இசைவு பெற்று, வாரம் ஒருநாள் பின் வரிசையில் உட்காருவாரானால், அதற்கு நன்கொடை தேவையில்லை. சமயத்துக்குத் தேநீர் கொடுத்தால் போதும்.

அக்கா இப்போது குடிபாலாவுக்கு அடுத்த ஊரில் ஆசிரியை. சென்ற ஆண்டு நான் விடுமுறைக்குப் போயிருந்தபோது, அவருடைய வகுப்புக்கும் பயிற்சிக்காக ஒரு பெண் வந்திருந்தாள். சித்தூரிலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வருகிறவள். அவளுக்காகத் தம் பாடவேளைகள் ஒன்றும் குறைக்கப்படவில்லை என்று அக்கா சொன்னார்; ஆகையால் உணவு இடைவேளையில்தான் இருவரும் பேசிக்கொள்ள முடிகிறது. “அவளிடம் என்ன கேட்பாய், அக்கா?” என்றேன். “எல்லாரும் கேட்பதைத்தான், தம்பி. சாப்பிட்டாயா என்று முதலில் கேட்பேன். காலையில் ஐந்தரை மணிக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு அதற்கப்புறந்தான் பாடம் ஏறும்” என்றார். பிறகு, அன்று வகுப்பில் வாய் திறக்காத மூன்று பிள்ளைகளின் பெயரை அந்தப் பெண் தானாகவே சொன்னாள் என்றும், அதில் ஒன்று தாமே கவனியாத பிள்ளை என்றும் கூறிவிட்டு, மறுநாளைக்கான பாட அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.